பெயர் சொல்லிக் கேட்ட துஆ

நவம்பர் 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். மூன்று ஜாக்கெட் தைக்கப் பாக்கி. இவர் பாலக்கோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பியாச்சு.

கிர்கிஸ்தானிலிருந்து மகள் நஸ்ரீன் போன். டாக்டர் படிப்பு மூன்றாம் வருஷம். குரலில் தெம்பே இல்லை. அவள் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா குல்னாராவின் மகன் அய்பெக்கைப் போலீஸ் பிடித்துப் போய் ஒரு மாதமாம். இன்டர்நெட்டில் செய்தி எழுதுகிறவன். பெரிய இடத்து ஊழலை எழுதினான், அவ்வளவுதான். ஜெயிலில் அடி. வாரம் ஒருமுறை தாயைப் பார்க்க விடுகிறார்கள். போன வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தானாம். "யாருகிட்டயும் சொல்லிறாதீங்கம்மா" என்றாள்.

நவ. 5, புதன்
சோறு இறங்கவில்லை. நஸ்ரீனுக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்திலேயே இருந்து கஞ்சி கொடுத்தவர் அந்த அம்மா.

அவனுக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி, ஜமாஅத் பெண்கள் குரூப்பில் துஆ கேட்டு வாய்ஸ் போட்டேன். பெயர் சொல்லித்தானே கேட்போம். அவன் பெயர், தாய் பெயர், ஊர், ஜெயிலில் படும் அடி, எல்லாம் சொன்னேன். நஸ்ரீன் சொல்லாதே என்றது ஊர் வம்புக்கு, இதற்கில்லை. வரிசையாக ஆமீன் வந்தது. மனசு லேசானது.

வாங்க: மெரூன் நூல், ஊக்கு, சீரகம்.

நவ. 9, ஞாயிறு
நஸ்ரீன் போன். கத்தவில்லை, அதுதான் பயம். என் வாய்ஸ் எப்படியோ அங்கே படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் குரூப்புக்குப் போய், அங்கிருந்து காலேஜ் ஆபீஸ் வரை போயிருக்கிறது. தமிழ் தெரிந்த யாரோ அர்த்தம் சொல்லியிருக்கிறார்கள். நஸ்ரீனை விசாரித்தார்கள். ஆபீஸிலிருந்து விஷயம் போலீசுக்கும் போய், குல்னாராவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஜெயிலில் நடப்பதை வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொன்னது யார் என்று கேள்வி.

வாய்ஸை அழித்தேன். அழித்து என்ன.

பக்கத்து வீட்டு மும்தாஜ் வந்து, "அந்தப் பையன விட்டுட்டாங்களாக்கா? தெனமும் துஆ செய்யறோம்" என்கிறாள். இன்ஷா அல்லாஹ் என்றேன்.

இவர் திட்டவில்லை. புள்ளைய வரச் சொல்லிடலாமா என்று மட்டும் கேட்டார்.

நவ. 13, வியாழன்
மழை விட்டது. ஜாக்கெட்டில் கை மாற்றித் தைத்து, பிரித்து, மறுபடி மாற்றித் தைத்தேன்.

நஸ்ரீன் போன். குல்னாரா இன்று ஜெயிலுக்குப் போனார். விடவில்லை. இனிமேல் வரவே வேண்டாம் என்றார்களாம். மகனுக்குச் சுட்டுக் கொண்டுபோன ரொட்டியைத் திரும்பக் கொண்டுவந்து, நஸ்ரீனுக்குப் பாதி கொடுத்திருக்கிறார்.

"ஒரு வார்த்தை திட்டலைம்மா. சாப்பிடுன்னாங்க. எப்படிம்மா சாப்பிடறது?"

என் தப்பு. ஒரு தாய் பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாமல் செய்தவள் நான்.

நவ. 14, வெள்ளி
வெயில். அஸர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். வீட்டில் யாருமில்லை. கதவும் சாத்தித்தான் இருந்தது. ஆனாலும் அவன் பெயரை வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருந்தது.