அக்கா மீதி வைத்த எண்ணெய்

ஜூன் 4
ஜான்சி அக்கா இல்லாமல் மூன்றாவது மாதம். சமைத்தேன். சாப்பிட்டேனா? ஞாபகமில்லை. குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. அவளுக்கும் இடதுதான். பயம்கூட வரவில்லை.

ஜூன் 5
சபையில் கொடுத்த ஜெப எண்ணெய், அவள் மீதி வைத்த பாட்டில், பீரோ மேலேயே இருக்கிறது. எடுத்துத் தடவினேன். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அவளும் இதைத்தான் தடவினாள்.

ஜூன் 13
வீட்டுக்குத் தூரமானேன்.

ஜூன் 16
கட்டி சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிவிட்டது. சபையில் டெபோராவிடம் சொன்னேன். அவள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். பாஸ்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "ராப்போஜன ஞாயித்துக்கெழம சாட்சி சொல்லும்மா. அதே எண்ணெய்தான், பாத்தியா? உங்கக்காவுக்கு விசுவாசம் பத்தல."
தலையாட்டினேன். பத்தலையா? முட்டி காய்த்துப்போச்சே அவளுக்கு, ஜெபம் பண்ணிப் பண்ணி.

ஜூலை 4
கட்டி மறுபடி. முன்னைவிடப் பெரிசு. இப்போ எனக்கும் விசுவாசம் போயிடுச்சா?

ஜூலை 7
மாதத்தின் முதல் ஞாயிறு, ராப்போஜனம். சாட்சி சொல்ல வேண்டிய நாள். காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். சபைக்குப் போகவில்லை.

ஜூலை 9
ஆஸ்பத்திரி. டாக்டரம்மா தேவதர்ஷினி ஊசியால் சதை எடுத்தார். ஆராய்ச்சிக்கென்று ரத்தமும் கேட்டார், பீரியட்ஸுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. முதல் தடவைக்குக் கொடுத்தேன். குத்தியது தெரியவில்லை.

ஜூலை 18
"கேன்சர் இல்லம்மா. சாதாரணக் கட்டி."
சந்தோஷம் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். "அப்போ ஏன் சுருங்கிச்சு?"
"பொம்பளைங்க ஹார்மோன் மாசாமாசம் ஏறி எறங்கும். ஏறும்போது இந்த மாதிரி கட்டி வீங்கும், பீரியட்ஸ் வந்தா அடங்கும். நோயை எதுக்கிற செல்லுங்க அப்போ என்ன பண்ணுதுன்னுதான் உங்க ரத்தத்துல பாக்குறோம்."
"எண்ணெய் தடவினேனே?"
"தடவலன்னாலும் சுருங்கும்."
"எங்கக்காவுக்குச் சுருங்கலயே? வளந்து வளந்து அவளையே கொண்டுபோச்சே?"
"அது கேன்சரா இருந்திருக்கும். வேற நோய்மா. அதுக்கு மாசம் கெடையாது."
வேற நோய். வேற நோய். பஸ்ஸில் பொழிச்சலூரில் இறங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4
ராப்போஜன ஞாயிறு. மைக் கொடுத்தார்கள். "எனக்குக் கட்டி சுருங்கினது தூரமானதால. எண்ணெயால இல்ல. ஜான்சிக்கு வந்தது வேற நோய். அவளுக்கு விசுவாசம் பத்தலன்னு இனிமே யாரும் சொல்லாதீங்க."
ஆம்பளைகள் பக்கம் ஒருத்தரும் நிமிரவில்லை. அல்லேலூயா இல்லை. பாஸ்டரம்மா மைக்கை வாங்கிக்கொண்டார்.

ஆகஸ்ட் 6
டெபோரா வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். "இன்னாக்கா, மைக்ல போய் தூரம் கீரம்னுக்கினு! பாஸ்டர் மூஞ்சிய பாத்தியா?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திவிட்டாள்.
"எனக்கும் ஒண்ணு கீதுக்கா. எந்த ஆஸ்பத்திரி?"
நாளைக் காலை கூட்டிப்போகிறேன். அவள் போன பிறகு பசித்தது.