துணைக்கு இருப்பவர்

தேனி
18–1–1979

கர்த்தருக்குள் பிரியமான சாராளுக்கு ஞானசிகாமணி எழுதுவது. நான் இங்கே இருக்கிறேன். பிலாயில் நீயும் லதாவும் மாப்பிள்ளையும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன்.

எழுத்து இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, வரி ஏறி ஏறி இறங்குகிறதே என்று பார்ப்பாய். கிழவன் குடிக்கப் பழகிவிட்டான் என்று நினைத்துவிடாதே. கடை வாசலில் வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். வியாபாரம் சுமார். பொங்கல் கழிந்த வாரம் ஆணியும் தாழ்ப்பாளும் யார் வாங்குகிறார்கள்?

கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ஒன்றும் செய்யவில்லை. நட்சத்திரம் மட்டும் கட்டினேன். அதற்குள் பல்பு மாட்ட ஏணியில் ஏறப் பயமாக இருந்தது, அதனால் அது இருட்டாகவே தொங்கியது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது நாலைந்து பேர் சாப்பிடக் கூப்பிட்டார்கள். எல்லாரிடமும் வேறு வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து பழைய சோறும் நாரத்தங்காய் ஊறுகாயும் சாப்பிட்டேன். ஏன் அப்படிப் பொய் சொன்னேன் என்று எனக்கே விளங்கவில்லை.

லதா மாதம் ஒரு கடிதம் தவறாமல் போடுகிறாள். கடைசி வரியில் ‘அம்மா சுகம்’ என்று எழுதுவாள். இரண்டரை வருஷமாக உன்னைப் பற்றி எனக்குக் கிடைப்பது அந்த இரண்டு சொல்தான். டிசம்பர் மாதக் கடிதத்தைத் தபால்காரர் செல்வமணி படித்துக் காட்டினார். அதில் அந்த வரி வரவில்லை. அவர் அவசரத்தில் விட்டுவிட்டாரா, இல்லை லதாவே எழுதவில்லையா தெரியவில்லை. அவரிடம் திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கடிதம் மேஜை டிராயரில்தான் இருக்கிறது.

நீயே படிக்க வேண்டியதுதானே என்று கேட்பாய். கண் போய்க்கொண்டிருக்கிறது, சாராள். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் முற்றிவிட்டது. இடது கண்ணில் மார்கழி மாதத்து விடியற்காலை மாதிரி எப்போதும் பனி. ஒரு வருஷமாகவே இருக்கிறது. ஆணியையெல்லாம் விரலால் தடவித்தான் அளவு சொல்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. கண் முகாம் நடத்துகிற கிளப்பின் செயலாளருக்கே கண் தெரியவில்லை என்றால் பஜாரே சிரிக்காதா?

ஆனால் சிரிக்கத்தான் செய்தார்கள். முகாமுக்குப் பணம் சேர்க்க, நம் சபையில் அறுப்பின் பண்டிகைக்குச் செய்வதைப் போல ஏலம் விடலாம் என்று நான்தான் கிளப்பில் யோசனை சொன்னேன். எடுக்கிறவர் பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதையே மறுபடி ஏலம் விடுவோம். போன மாதம் கம்பத்தில் கூட்டம் போட்டோம். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற கோட்டைச்சாமி ஒரு வாழைத்தார் கொடுத்தார். அந்த ஒரே தார் ஏழு முறை விலை போனது. ஏலம் விட்டது வழக்கம்போல் நான். எட்டாவது முறை, கடைசி வரிசையில் ஒரு கை ஆடியதைப் பார்த்து மூன்றாம் தரமும் சொல்லி முடித்துவிட்டேன். அந்த மனுஷன் துண்டால் ஈ விரட்டியிருக்கிறார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் தங்கமானவர். ஒரு வார்த்தை பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டு, “அய்யா கண்ணுல நான் பட்டதே போதும்” என்றார்.

நானும் சிரித்து வைத்தேன். ஜீப்பில் திரும்பும்போது உன் பூசணிக்காய் ஞாபகம் வந்தது. அறுப்பின் பண்டிகையில் நீ பெண்கள் பக்கம் உட்கார்ந்து அந்தப் பூசணிக்காயைக் கேட்கிறாய். யாரோ கேட்கிறார்கள் என்று நான் இந்தப் பக்கத்திலிருந்து விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக்கொண்டே போகிறேன். சொந்தப் பெண்டாட்டியோடு போட்டி போடுகிறவரை இன்றுதான் பார்க்கிறேன் என்று நம் சபைப் போதகர் ஐயரே சிரித்துவிட்டார். அப்போது எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனாலும் உன்னைப் பார்க்கவில்லை. கடைசியில் நீதான் ஜெயித்தாய், ஒரு வாரம் அதே பூசணிக்காய்க் குழம்பு.

இப்போது முகாம் சமாசாரத்துக்கு வருகிறேன். பிப்ரவரி மூன்றாம் தேதி தேனியில் நம் பள்ளிக்கூடத்தில் ஒரு முகாம். மார்ச் இருபத்துநாலாம் தேதி கம்பத்தில் இன்னொன்று. பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த டாக்டர் என் முகத்தைப் பார்த்ததுமே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டார். இந்த இரண்டில் ஒன்றில் வலது கண்ணைச் செய்துவிட வேண்டுமாம். தள்ளிப்போட்டால் உள்ளே அழுத்தம் ஏறிவிடும், பிறகு செய்தும் பிரயோசனம் இல்லை என்றார். சரி என்று வீட்டுக்கு வந்து, நானே அச்சடித்த படிவத்தில் ஒன்றை எடுத்து நிரப்பினேன். பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதினேன். அடுத்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. ‘துணைக்கு இருப்பவர் பெயரும் கையொப்பமும்.’

அந்தச் சட்டம் யார் போட்டது என்று உனக்குத் தெரியும். மயிலாடும்பாறை வீரணன் ஆபரேஷன் முடிந்த அன்றைக்கே, துணைக்கு ஆள் இல்லாமல், தானே எழுந்து ஒன்றுக்குப் போகப் பார்த்து விழுந்தார். கட்டுப் போட்ட கண் கெட்டுப் போனது. நான்தான் அவரைத் தூக்கினேன். அதற்கு மறுவருஷத்திலிருந்து, துணைக்கு ஒருவர் ஐந்து நாளும் கூட இருந்தால்தான் ஆபரேஷன் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். நல்ல சட்டம்தான், இப்போதும் அதில் தப்புச் சொல்ல மாட்டேன்.

போன வருஷம் குச்சனூரிலிருந்து சங்கிலியம்மாள் என்று ஒரு அம்மாள் துணி மூட்டையோடு தனியாக வந்தார். சனீஸ்வரர் கோவில் வாசலில் எள்ளுப் பொட்டலம் கட்டி விற்கிறவர். ஆள் கூட்டிக்கொண்டு வா ஆத்தா என்று சொன்னேன். அவர், “ஆளு இருந்தா எனக்கு எதுக்குய்யா கண்ணு? அந்த ஆளு பாத்துக்கிறாதா?” என்று கேட்டார். என்ன வாய் என்று நினைத்தேன். சட்டம் சட்டம்தான் என்று பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்பிவைத்தேன். அன்றைக்கு அது எனக்குத் தர்மம் மாதிரிதான் பட்டது.

போன சனிக்கிழமை அவரைத் தேடிக் குச்சனூர் போனேன். கோவில் கூட்டத்தில் தடுமாறி அவருடைய எள்ளுத் தட்டையே மிதித்துவிட்டேன். அவர் என் காலைப் பிடித்து நகர்த்திவிட்டு, “ஒங்களுக்கும் என்னைய மாதிரிதானா?” என்றார். எங்கள் கிளப்பில் இருபத்தெட்டு மெம்பர். ஒருத்தருக்கும் தெரியாதது கண் தெரியாத அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வருஷம் வா, உனக்குத் துணையாக நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அவர் கையில் இருந்த பொட்டலத்துக்கு முடிச்சுப் போட்டார். பிறகு, “அஞ்சு நாளும் இங்கனயே எங்கூட இருப்பீகளா, இல்ல கூட்டத்தப் பாக்கப் போயிருவீகளா?” என்று கேட்டார். நீதான் அந்த அம்மாளிடம் சொல்லிக் கேட்க வைத்தது போல இருந்தது, சாராள்.

நம்மிடையே இதுவரை பேசாததை இப்போது எழுதுகிறேன். நேரில் என்றால் வராது.

அந்தச் சட்டத்தை முதன்முதலாக நடப்பில் கொண்டுவந்த வருஷம்தான் உனக்கு மதுரையில் கர்ப்பப்பை ஆபரேஷன். நாளைக்கு வந்துவிடுகிறேன் என்று உன்னை வார்டில் விட்டுவிட்டு வந்தேன். ஐந்தாம் நாள்தான் வந்தேன். அந்த நாலு நாளும் நான் தேனிப் பள்ளிக்கூடத்தில் வரிசை வரிசையாகப் போய், துணைக்கு ஆள் இருக்கிறதா, ஆள் இருக்கிறதா என்று ஒவ்வொரு பாயாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். உனக்குக் கஞ்சி கொடுத்தது பக்கத்துக் கட்டில் பெண்ணுடைய தாயார். கூட யாரு என்று நர்ஸ் கேட்டதற்கு நீ சொன்ன பதிலை வீட்டுக்கு வந்து ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னாய். “அவுக தேனியில மத்தவுகளுக்குத் துணைக்கு இருக்காகன்னு சொன்னேன்.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாய். நான் அதைப் பெருமை என்று எடுத்துக்கொண்டேன். என்ன மடையன் பார்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று அடிக்கடி சொல்வேன். பிள்ளைக்குத்தானே பழமொழி இருக்கிறது, பெண்டாட்டிக்கு ஒன்றும் இல்லையே என்று நீ கேட்டாய். எல்லாரும் சிரித்தோம். மூன்று மாதம் கழித்து லதாவின் பிரசவத்துக்குப் பெட்டி கட்டினாய். பெட்டியில் உன் கம்பளியும் குளிர்காலத்துச் செருப்பும் இருந்ததை நான் பார்த்தேன். வைகாசி மாதத்துப் பிரசவத்துக்குக் கம்பளி எதற்கு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கிளப் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன்.

ஏன் அப்படிப் போனேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அங்கே எல்லாரும் செயலாளர் அய்யா, செயலாளர் அய்யா என்பார்கள். கண்கட்டு அவிழ்க்கிற நாளில் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். வீட்டில் நீ எண்ணெய் தீர்ந்துவிட்டது என்பாய். வேறொன்றும் இல்லை, அந்த ‘அய்யா’வுக்கு ஆசைப்பட்டுவிட்டேன்.

கிளப் தலைவர் சங்கரலிங்கத்துக்கு என் கண் விஷயம் டாக்டர் சொல்லித் தெரிந்துவிட்டது. பருத்திக் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். ஒரு பேர்தானே, கிளப் பேரையே எழுதுங்கள், நாங்கள் எல்லாரும் இருக்கிறோம் என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் எல்லாரும் இருக்கிறோம் என்றால் ராத்திரி தண்ணீர் கேட்கிறபோது யார் எழுந்து வருவார்கள் என்று எனக்குத் தெரியாதா? வீரணனுக்கும் அன்றைக்கு நாங்கள் எல்லாரும் இருந்தோம்.

பிப்ரவரி முகாமில் நான் படுக்கவில்லை. சங்கிலியம்மாளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். ஐந்து நாளும் அந்த அம்மாளின் பாய்க்குப் பக்கத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன். மேடை, மாலை, வரவேற்புரை எல்லாவற்றையும் வேறு ஆளிடம் கொடுத்துவிட்டேன். என் கண்ணைக் கம்பத்தில் செய்துகொள்ளலாம் என்று இருக்கிறேன். அதற்குள் சங்கிலியம்மாளுக்குக் கண்ணாடியும் வந்துவிடும். “பங்குனியில நான் வந்து ஒங்க கூட இருக்கேன், கவலப்படாதீக” என்று அவரே சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள்.

ஆகவே சட்டப்படி எனக்குத் துணை இருக்கிறது. உன்னை நெருக்குவதற்காக இதை எழுதுகிறேன் என்று நீ நினைக்கக் கூடாது என்றுதான் இதையும் சொல்கிறேன். பஜாரில் நீ ஏன் இன்னும் திரும்பவில்லை என்று கேட்கிறவர்களிடம் பேத்தி அவளை விடமாட்டேன் என்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதையே இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் சொல்கிறேன்.

ஆனாலும் அந்த இடத்தில் சங்கிலியம்மாள் பெயரை எழுத இன்னும் கை வரவில்லை. படிவத்தை நாலாக மடித்து, லதாவின் கடிதங்களோடு டிராயரில் வைத்திருக்கிறேன். மார்ச் இருபதாம் தேதி அதை டாக்டரிடம் கொடுக்க வேண்டும். நாகபுரியில் வண்டி மாறினால் மூன்று நாளில் மதுரை வந்துவிடலாம் என்று மாப்பிள்ளை ஒருமுறை சொன்னது ஞாபகம். மதுரையிலிருந்து கம்பத்துக்கு நேர் பஸ் இருக்கிறது. முகாம் நடக்கிற பள்ளிக்கூடம் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். உனக்குத் தெரிந்த இடம்தான், சும்மா எழுதினேன்.

வராவிட்டால் அதற்காக வருத்தப்படாதே. கூட யாரு என்று அங்கே யாராவது கேட்டால், அவள் பிலாயில் பேத்திக்குத் துணைக்கு இருக்கிறாள் என்று சொல்லிக்கொள்கிறேன். நீ அன்றைக்குச் சொன்னதும் பொய் இல்லை, இதுவும் பொய் இல்லை. அப்படிச் சொல்லும்போது நெஞ்சுக்குள் எப்படி இருக்கும் என்பது மட்டும் எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பேத்தியை என் பேரைச் சொல்லி ஒரு முறை தூக்கிக் கொஞ்சு. மங்கின வெளிச்சத்தில் ஊசியில் நூல் கோர்க்காதே. கர்த்தர் உன் கண்களையும் கைகால்களையும் சுகமாக வைத்திருக்கட்டும்.

பதில் போடுவதானால் நீயே எழுது, இந்தக் கடிதத்தைப் போலப் பெரிய பெரிய எழுத்தாக எழுது. வரமாட்டேன் என்றாலும் சரிதான். செல்வமணி படித்து நான் கேட்கக் கூடாது. வெயிலில் வைத்து நானே படித்துக்கொள்ள வேண்டும்.

உன்
ஞானசிகாமணி