செத்தவர்கள் தமிழ் பேசும் நாடகம்

மைனி,

இன்று காலை அலமாரியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனையோடு உங்கள் பச்சைச் சேலை முதலில் கண்ணில் பட்டது. போன சனிக்கிழமை சர்ச் ஹால் மேடையில் அதை நான் உடுத்தியிருந்தேன். முந்தானையில் முகப்பவுடர் இன்னும் ஒட்டிக்கிடக்கிறது. நீங்கள் பார்த்தீர்களோ என்னவோ, நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டிலிருந்து என் அண்ணனைக் கட்டிக்கொண்டு கேரளத்தில் எங்கள் செங்கல் ஊருக்கு வந்தவர் நீங்கள். வந்த வருஷமே சர்ச் பெண்கள் சங்கத்துக்குக் குட்டி நாடகங்கள் எழுத ஆரம்பித்தீர்கள். தாய் மகள் பிணக்கோ, புருஷன் பெண்டாட்டி சண்டையோ, எதுவானாலும் நடுவில் செத்த ஆள் ஒருவர் கதவைத் தட்டாமல் வந்து நிற்பார். அந்த ஆள் எப்போதும் நீங்கள்தான். உங்கள் மலையாளம் கடைக்குப் போய் மீன் வாங்கக் காணும், மேடைக்குக் காணாது. அதற்காகவே ஒரு சட்டம் போட்டீர்கள்: உயிரோடு இருப்பவர்கள் மலையாளம் பேசணும், செத்தவர்கள் தமிழ் பேசணும். "எனக்கு மலையாளம் வராது மக்கா. அதனால நான் செத்தவளாட்டு வாறேன்" என்று சொல்லிச் சிரித்தீர்கள்.

வெள்ளைச் சேலை கொண்டுவந்த சங்கத் தலைவியிடம், "செத்தவ வெள்ளைதான் உடுக்கணும்னு ஆரு சொன்னா? நான் பச்சையாக்கும் உடுப்பேன்" என்றீர்கள். உங்கள் பேய்கள் அலறவில்லை. வந்து நின்று, கேஸ் அடுப்பை அடைத்தாயா என்று கேட்டார்கள். அதற்குத்தான் ஹாலே நடுங்கியது. மேடையில் யாராவது தமிழில் வாய் திறந்தால் போதும், முன்வரிசைப் பிள்ளைகள் அம்மா மடியில் ஒடுங்கிவிடுவார்கள்.

அந்த அடுக்களை நாடகம் நினைவிருக்கிறதா? செத்த அம்மா நீங்கள், மகள் நான். கடைசியில் நீங்கள் "மக்கா, நீ உண்டியா?" என்று கேட்கணும். பசியில்லை என்று நான் மலையாளத்தில் சொல்லணும். நீங்கள் திரும்பிப் போய்விடணும். அன்று நான் காலையிலிருந்து நாற்காலி சுமந்து, திரை கட்டி, பாலில்லாத கட்டன் சாயா மட்டும் குடித்துவிட்டு நின்றவள். வீட்டில் தினமும் கேட்கிற அதே குரலில் நீங்கள் கேட்டீர்கள். "இல்லம்மா, பசிக்குது" என்று தமிழில் சொல்லிவிட்டேன். முன்வரிசையில் இருந்த மேரியக்கா, "அய்யோ, இவளும் செத்துப்போனாளா!" என்று கத்திவிட்டார். நீங்கள் அசரவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "அப்போ வா மக்கா, சேர்ந்து உண்ணுவோம்" என்றீர்கள். திரை விழுந்தது. அதன்பிறகு எங்கே போட்டாலும் அதுதான் முடிவு.

போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைக் கொண்டுவந்த நாள் முதல் உங்கள் மகள் ஜின்சி தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் வரும். அழவும் இல்லை. ஒருநாள் நெருக்கிக் கேட்டதற்கு, "அது அம்மையுடெ பாஷையா, அத்தே", அது அம்மாவின் பாஷை என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். நீங்கள் போனது போதாதென்று உங்கள் பேச்சையும் அவள் குழியில் போட்டு மூடிவிட்டாளே என்று எனக்கு இருந்தது மைனி.

அதனால்தான் இந்த வருஷம் சங்கத்தில் அந்த நாடகத்தைக் கேட்டதும் சரி என்றேன். அம்மா நான், மகள் ஜின்சி. அவள் ஒத்துக்கொண்டாள், கடைசி வரியை மட்டும் நீங்கள் முதலில் எழுதியபடி மலையாளத்திலேயே சொல்வேன் என்றாள். சொல்லு மக்கா என்று விட்டுவிட்டேன். நான் கணக்கு டீச்சர், விடை வரும் என்று தெரியாமல் கணக்குப் போடமாட்டேன்.

மேடையில், உங்கள் குரலுக்கு எவ்வளவு பக்கத்தில் போகமுடியுமோ அவ்வளவு போய், "மக்கா, நீ உண்டியா?" என்றேன். திரைக்குப் பின்னாலிருந்து மலையாள வரியை எடுத்துக் கொடுத்தார்கள். ஜின்சி என் முகத்தைப் பார்க்கவே இல்லை, சேலையைத்தான் பார்த்தாள்.

"இல்லம்மா. பசிக்குது."

என் கை நாற்காலியில் இருந்தது. உங்கள் வரி நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் அந்த ஹாலின் சட்டப்படி உங்கள் பிள்ளை செத்து உங்களோடு போய்விடுவாள். இப்போதுதான் திரும்பி வந்த பிள்ளை. எனக்கு மனசு வரவில்லை.

"வா மோளே, நமுக்கு உண்ணாம்" என்றேன். மலையாளத்தில்.

முன்வரிசையிலிருந்து அதே மேரியக்கா, "எம்மா, செத்தவ பிழைச்சிட்டாளே!" என்றார். சிரிப்பும் கைதட்டலுமாகத் திரை விழுந்தது. ஜின்சி உங்கள் சேலையில் முகத்தைப் புதைத்து அழுதாள். உங்கள் சட்டத்தை உடைத்துவிட்டேன் மைனி, கோபப்பட்டால் பட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு தடவை நின்றாலும் அதையேதான் சொல்வேன்.

சேலையைத் துவைக்காமல் மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. வேலைக்குப் போன இடத்திலிருந்து ஜின்சி.

"அத்தை, உண்டீளா?"

"இல்ல மக்கா. இப்பதான் உண்ணப் போறேன். நீ உண்டியா?"

"உண்டேன், அத்தை."

நாங்கள் இரண்டு பேரும் உயிரோடுதான் இருக்கிறோம், மைனி.