மச்சானின் கண்ணும் எண்ணுப் பெட்டியும்

என் மரியாதைக்கும் சண்டைக்கும் சொந்தக்காரரான மச்சானுக்கு,

இந்த வாரம் லேத் முன்னால் நின்று ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். நீங்கள் இருந்திருந்தால் கையைக் கட்டிக்கொண்டு, "இப்பத்தான் தெரிஞ்சுதுங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டிருப்பீர்கள். அப்படிக் கேட்க ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள் தங்கை சரோஜா நலம். மண்டி மொஹல்லாவில் நம் பட்டறை வாசலை மறித்து ஆட்டோ நிறுத்துவது இன்னும் நிற்கவில்லை, நான் கத்துவதும் நிற்கவில்லை. தசராவுக்குத் தெருவில் சீரியல் விளக்கு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் போய் ஆறு மாதம் ஆகிறது என்று அதைப் பார்த்துத்தான் கணக்குப் போட்டேன்.

போன தசராவுக்கு முந்தின வாரம் நம் பழைய லேத்துக்கு டிஜிட்டல் ரீடவுட் மாட்டினோமே. இரும்பைச் சீவும் டூல் எவ்வளவு நகர்கிறது என்பதைச் சிவப்பு எண்ணில் காட்டும் பெட்டி. நீங்கள் அதற்கு எண்ணுப் பெட்டி என்று பெயர் வைத்தீர்கள். நானோ அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன். "மைக்ரோமீட்டர உள்ள வைங்க மச்சான். ஒவ்வொண்ணுக்கும் மிஷின நிறுத்தி அளந்தா எப்ப முடியும்? முதல் உருப்படிய அளந்து பெட்டியில ஏத்துங்க, மீதிக்கு எண்ணப் பாத்து ஓட்டுங்க" என்று உத்தரவு போட்டேன். இருபத்திரண்டு வருஷம் மைக்ரோமீட்டர் பிடித்த கை உங்களுடையது. ஆனாலும் தங்கை வீட்டுக்காரன் பேச்சைத் தட்டக்கூடாது என்று கேட்டீர்கள்.

ஆயுத பூஜை முடிந்ததும் அந்தப் பெரிய ரிங்குகளுக்கான ஆர்டர் வந்தது. ஓட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒரு தடவை சொன்னீர்கள், "ஒரு எடத்துல இந்தப் பெட்டி கண்ணச் சிமிட்டுதுங்க மாப்பிள்ளை." நான் சிரித்தேன். "சிமிட்டுறது உங்க கண்ணு மச்சான்" என்றேன். அவ்வளவுதான் என் விசாரணை.

பாதிக்கு மேல் ரிங்குகள் அளவு குறைந்து திரும்பி வந்தன. எஸ்.டி.டி. பூத்துக்கு வந்த ஃபேக்ஸைக் கையில் சுருட்டிக்கொண்டு நான் வந்தேன். பின்னாலேயே ஆர்டர் கொடுத்த கம்பெனியின் இன்ஸ்பெக்டரும் வந்தார். "ஏனு ஸ்வாமி இது?" என்று அவர் கன்னடத்தில் கேட்டதும் எனக்குத் தலை கொதித்தது. புஷ் மாதிரி சின்ன உருப்படியெல்லாம் சரியாக வருகிறது, பெரிய ரிங் மட்டும் தப்புகிறது என்றால் மிஷின் எப்படிக் காரணமாகும்? உங்களை வைத்துக்கொண்டே அவரிடம் சொன்னேன், மச்சானுக்குப் பார்வை மங்கிவிட்டது, இனி லேத்தில் நிற்க விடமாட்டேன் என்று.

நீங்கள் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தீர்கள். மைக்ரோமீட்டரை அதன் பெட்டிக்குள் வைத்து மூடினீர்கள். டிரில்லிங் மிஷின் பக்கம் போய் நின்றீர்கள். ஒரு வாரத்தில் புதுக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்தீர்கள். கடைசிவரை டிரில்லிங்கில்தான் நின்றீர்கள். பங்குனியில் ஒரு காலை நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஏன் மச்சான், ஒரு நாளாவது என்னிடம் சண்டைக்கு வந்திருக்கக்கூடாதா?

இந்த வாரம் அதே ரிங் ஆர்டர் மறுபடி வந்தது. கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். லேத்தில் நானே நின்றேன். வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்தேன்: மூன்று ரிங் சரி, நாலாவது ரிங் குறைவு. கண் டாக்டரிடம் போகும் எண்ணம் எனக்கு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். என் கண் என்றதும் குற்றம் உடனே பெட்டி மேல் போய்விட்டது.

முதலில் எர்த் ஒயரைப் பார்த்தேன். சரி. ஸ்க்ரூவெல்லாம் இறுக்கினேன். பெட்டியின் பின்னால் இரண்டு ஒயர் வருகிறதே, ஒன்று நீளவாட்டு அளவுக்கு, இன்னொன்று குறுக்குவாட்டு அளவுக்கு, அவை இரண்டையும் இடம் மாற்றிச் செருகினேன். கோளாறும் இடம் மாறியது. அப்படியென்றால் பெட்டி நல்ல பெட்டிதான். கோளாறு டூலைத் தாங்கி நகரும் குறுக்கு ஸ்லைடில் மாட்டிய அளவுகோலில் இருக்கிறது.

நகர்வைத் தனியாக அளந்து காட்டும் டயல் கேஜை நிறுத்தி, ஸ்லைடைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, நான் டயலைப் படிக்க, சரோஜா பெட்டியில் எண்ணைப் படித்தாள். இரண்டும் ஒத்துக்கொண்டே வந்தன. பெரிய ரிங்குக்கு டூல் நிற்கும் இடம் வந்ததும், "இங்க சிமிட்டுதுங்க" என்றாள். அவளுக்கு நீங்கள் சொன்னது தெரியாது மச்சான்.

அளவுகோலைக் கழற்றினேன். அலுமினியக் கூடு, உள்ளே கோடு போட்ட கண்ணாடிப் பட்டை. அந்தக் கோடுகளை ஒரு விளக்கு எண்ணிக்கொண்டே போகும். சரோஜா டார்ச் அடித்தாள். கண்ணாடியில் ஒரே ஓர் இடத்தில் செம்பழுப்பாக ஒரு தீற்றல். எண்ணெயில் குழைந்த குங்குமம், கூடவே சந்தனம்.

ஆயுத பூஜை அன்று லேத்துக்கு மாலை போட்டு, சக்குக்கு, மோட்டாருக்கு, வைஸுக்கு எல்லாம் நீங்கள் பொட்டு வைத்தீர்கள். புதுசா வந்ததுக்கு நான்தான் வைப்பேன் என்று தட்டை உங்கள் கையிலிருந்து வாங்கியவன் நான். பெட்டிக்கு ஒன்று வைத்தேன். அதோடு விட்டேனா? அளவுகோலின் ரப்பர் இடுக்கின் மேல் கட்டைவிரலால் அழுத்தி, தாராளமாக இன்னொன்று வைத்தேன். ஸ்லைடு போய் வரப் போய் வர, அதை உள்ளே இழுத்துக் கண்ணாடியில் பூசியிருக்கிறது. அந்த இடத்தைத் தாண்டும்போது சில தடவை எண்ணிக்கை கொஞ்சம் தப்பியிருக்கிறது. சின்ன புஷ்ஷுக்கு டூல் அந்தப் பக்கமே போவதில்லை.

உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை மச்சான். என் கட்டைவிரலில்தான் இருந்தது.

சரோஜாவிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நின்றேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "புதுக் கண்ணாடி போட்டாத் தல சுத்துதும்மான்னு அண்ணன் எங்கிட்டச் சொல்லுச்சுங்க. போடப் போடப் பழகிரும்ணா, கழட்டாதீங்கன்னு நாந்தான் சொன்னேன்" என்றாள். நல்ல கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஐந்து மாதம் நடந்தீர்களா நீங்கள்? உங்கள் கண்ணை நீங்களே சந்தேகப்படும்படி செய்துவிட்டேனே.

கண்ணாடிப் பட்டையை ஸ்பிரிட்டில் துடைத்து மாட்டினேன். பத்து ரிங் ஓட்டினேன். நுணுக்கமாக அளக்க வேண்டுமே, அன்று நீங்கள் மூடிவைத்த மைக்ரோமீட்டர் பெட்டியைத் திறந்தேன். மைக்ரோமீட்டருக்கு எண்ணெய் தடவித் துணி சுற்றித்தான் வைத்திருந்தீர்கள். ஒரு புள்ளி துரு இல்லை. பத்தும் சரியாக இருந்தன.

நாளைக் காலை அந்த இன்ஸ்பெக்டர் ரிங் எடுக்க வருகிறார். அன்று உங்களை நிறுத்தி வைத்துப் பேசிய அதே இடத்தில் நான் நின்றுகொண்டு, நடந்ததை அவரிடம் கன்னடத்தில் ஒரு வார்த்தை விடாமல் சொல்லப்போகிறேன். மழுப்ப மாட்டேன். சரோஜா பக்கத்தில் இருப்பாள். வியாழக்கிழமை ஆயுத பூஜைக்குத் தட்டு அவள் கையில்தான். இனி நம் பட்டறையிலிருந்து மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் ஓர் உருப்படியும் வெளியே போகாது. இது உங்கள் மேல் சத்தியம்.

பார்வை மங்கிப்போன,
உங்கள் மாப்பிள்ளை