மாமியின் உள்ளங்கை

மாமி, நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கட்டுரை நோட்டில் எழுதுவதுபோல் அழகுபடுத்த மாட்டேன்.

இன்று பள்ளிக்கூட வாசலில் ரோடு போட்டார்கள். பீப்பாயில் தார் கொதித்தது. மற்ற பெண்கள் தாவணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நான் நின்றுவிட்டேன். அது உங்கள் வாசனை.

வாப்பாவின் அக்கா நீங்கள், எங்களோடுதான் இருந்தீர்கள். உங்கள் உள்ளங்கைகளிலும் முழங்கைகளிலும் தோல் சிவந்து தடித்து, வெள்ளைச் செதிலாக உதிரும். ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து, அது ஊதா நிறமானதும் பூசினீர்கள். மீனை விட்டீர்கள், கத்திரிக்காயை விட்டீர்கள். கொஞ்சம் தணியும், மறுபடி வரும். உம்மா உங்களுக்கென்று ஓர் இனாமல் தட்டையும் குவளையையும் தனியே வைத்திருந்தார்கள். அதைப்பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு ரயிலில் போனோம், நீங்கள், வாப்பா, நான். லேடி டாக்டர் உங்கள் கையைத் தன் வெறுங்கையில் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது குஷ்டம் இல்லம்மா. சோரியாசிஸ்னு பேரு. தொட்டா ஒட்டாது. எல்லாருக்கும் தோல் மெதுவா வளர்ந்து உதிரும். உங்களுக்கு அவசர அவசரமா வளருது. அதான் செதில் செதிலா நிக்குது.”

“தீர்ந்துடுமா டாக்டரம்மா?”

“முழுசாத் தீராது. அடக்கி வெச்சுக்கலாம். இந்தத் தார்க் களிம்ப தினம் பூசுங்க, காலை வெயில்ல கைய காட்டுங்க. உரிக்காதீங்க. மீனு தாராளமா சாப்புடுங்க.”

திரும்பும்போது ரயிலில் சொன்னீர்கள்: “எல்லாருக்கும் ஒரு தோலு, எனக்கு மாசம் நாலு தோலு. நான்தாண்டி பணக்காரி.” வாப்பாகூடச் சிரித்துவிட்டார்கள்.

டாக்டர் சொன்னதை உம்மாவிடம் ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். உம்மா “ம்” என்றார்கள். தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.

களிம்பில் குணம் தெரிந்தது. அப்போதுதான் புவனகிரியில் கல்யாணம் வந்தது. நம் கல்யாணச் சாப்பாடென்றால் சஹன்தான். ஒரே தாம்பாளத்துச் சோற்றை நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிட வேண்டும். எத்தனையோ கல்யாணங்களில் தலைவலி என்று சொல்லிப் பட்டினியாகத் திரும்பியவர் நீங்கள். “இந்தத் தடவ சஹன்ல உக்காந்து திங்கப்போறேண்டி” என்றீர்கள். சோற்றில் தார் வாடை அடிக்கக்கூடாதென்று, யாரிடமும் சொல்லாமல், ஒரு வாரமாகக் களிம்பை நிறுத்திவிட்டீர்கள். கல்யாணத்தன்று உள்ளங்கை வெடித்துச் சிவந்திருந்தது.

எதிரே உட்கார்ந்த இரண்டு பேர் உங்கள் கையைப் பார்த்தார்கள். “அங்க எடம் இருக்குடி” என்று ஒருத்தி மற்றவளை இழுத்துக்கொண்டு எழுந்தாள்.

“இது தொற்றுநோய் அல்ல!” என்று கத்தினேன், பாடப்புத்தகம்போல. பந்தியே திரும்பிப் பார்த்தது. நீங்கள் என் தொடையைக் கிள்ளினீர்கள். “வாய மூடுடி. கறி நமக்கு ஜாஸ்தி கெடைக்கும்.”

ஆனால் சோற்றில் கை வைத்ததும், மசாலா வெடிப்பில் பட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டீர்கள். கண் நிறைந்துவிட்டது. இப்போதும் எழுந்து போய்விடுவீர்கள் என்று பயந்தேன்.

பரிமாறிக்கொண்டிருந்த உம்மா, நெய்ச்சட்டியை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தார்கள்.

“தள்ளி உக்காருங்க மைனி. எனக்கும் பசிக்குது.”

கறியைப் பிய்த்து, சோற்றோடு பிசைந்து, உருட்டி உங்கள் பக்கம் வைத்தார்கள். நீங்கள் விரல் நுனியால் எடுத்துச் சாப்பிட்டீர்கள். அதே இடத்திலிருந்து உம்மாவும் எடுத்துச் சாப்பிட்டார்கள்.

“களிம்ப எதுக்கு நிறுத்துனீங்க?”

“நாறும்ல.”

“நாறட்டும். நாளையிலேருந்து நான் பூசிவிடறேன்.”

பூசிவிட்டார்கள், தினமும். இனாமல் தட்டில் கோழிக்குத் தவிடு வைத்தார்கள்.

போன மாதம் விஷக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. கொல்லையில் திரை கட்டிப் பெண்கள் உங்களைக் குளிப்பாட்டினார்கள். என்னை உள்ளே விடவில்லை. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு உம்மாவின் குரல்:

“முழங்கைய அழுத்தித் தேய்க்காதீங்க. அவுங்களுக்கு எரியும்.”

உங்கள் நோயைப்பற்றிப் புத்தகம் கிடைத்தால் இன்னும் படிப்பேன். ஆனால் நான் பத்திரமாக வைத்திருப்பது திரைக்குப் பின்னால் கேட்ட அந்தக் குரலைத்தான், மாமி. இன்னும் எழுத நினைத்தேன். உம்மா விளக்கை அணைக்க வருகிறார்கள்.