காகிதச் சட்டையும் ஒரு வெடிச் சத்தமும்

நேற்று டீக்கடையில் சேவு மடித்துக் கொடுத்த தாளைப் பிரித்துப் பார்த்தேன். மகாலட்சுமி முகத்தின் மேல் கம்பி மத்தாப்பு லேபிள், அதன் மேல் யாருடைய கல்யாணப் பத்திரிகையோ. மை பதம் பார்க்க ஒரே தாளைத் திரும்பத் திரும்ப மெஷினில் ஓட்டுவோமே, அந்த வேஸ்ட் ஷீட். உன் ஞாபகம் வந்துவிட்டது. சேவு தின்ன மனசு வரவில்லை.

இந்தத் தாள்களைத்தானே நீ சட்டையாகத் தைத்துப் போட்டுக்கொண்டாய். நம் அச்சகத்தில் ஆளுக்கொரு பைத்தியம் உண்டு. உனக்கு நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பியக் கலைஞர்கள். எதிர்காலவாதிகள் எந்திரத்தையும் வேகத்தையும் போரையும் கொண்டாடியவர்கள், மேடையேறி இரைச்சலையே கலை என்றவர்கள். பின்னால் வந்த டாடாயிஸ்டுகள் போரைப் பார்த்து வெறுத்துப்போனவர்கள். சொற்களை வெட்டிக் கலைத்து, அர்த்தமில்லாமல் கத்தி உலகத்தைக் கேலி செய்தார்கள். "ரெண்டு பேருக்கும் ஆகாது. ஆனா மேடையில பண்ண சேட்டை ஒண்ணுதாம்லே" என்பாய். அந்த இரண்டையும் ஒரே நிகழ்ச்சியில் சேர்க்கிறேன் என்று கிளம்பினாய்.

அச்சகத்தின் குடோனில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடத்தினோம். முதல் பாதியில் மெஷின் இரைச்சலை வாயாலேயே செய்தாய். இரண்டாம் பாதியில் பட்டாசுப் பெயர்களைக் கத்தரித்துக் கலைத்து வாசிப்பதாக ஏற்பாடு. நடுவில் ஸ்பீக்கரில் ஒரு வெடிச் சத்தம். பொத்தானை அமுக்கியது நான்.

இரண்டாம் பாதி நடக்கவே இல்லை. சத்தம் கேட்டதும் மொத்தப் பேரும் சோற்றுக் கையோடு வெளியே ஓடி, எந்தப் பக்கம் புகை என்று பார்த்தார்கள். எல்லோர் வீட்டிலும் யாராவது ஒருவர் பட்டாசு ஆலையில் இருக்கிறார்கள். ஆலை வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், எடுக்க ஆளில்லை என்று தெரிந்தும் ஆளாளுக்குப் போன் போட்டார்கள். பொத்தானை அமுக்கிய நானே ஏழாயிரம்பண்ணை ஆலையில் இருந்த என் மனைவிக்குப் போட்டேன்.

பைண்டிங் பிரிவுப் பெண் ஒருத்தி உன்னிடம் வந்தாள். "இதுக்கா எங்களக் கூப்பிட்டீக அண்ணே? எங்கம்மா அங்கனதான் இருக்கு" என்றாள். உன் காகிதச் சட்டை வியர்வையில் கிழிந்து தொங்கியது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் என்னிடம் சொன்னாய்.

"அவுக சத்தத்தக் கும்பிட்டாக. இவுக கேலி பண்ணாக. நம்ம ஆளுக வெளிய போயி புகையப் பாக்காகலே. இதுக்கு அந்த ரெண்டு பேருகிட்டயும் பேரே இல்ல."

கிட்னிக் கோளாறு உன்னைக் கொண்டுபோய் ஒரு வருடமாகப் போகிறது. உன் நினைவாக அதை மறுபடி நடத்தலாம் என்று நம் ஆட்கள் கேட்கிறார்கள். எனக்கு அலுப்பாக இருக்கிறது. போன வாரம் நிஜமாகவே ஒரு சத்தம் கேட்டது. வெளியே போய்ப் பார்த்தேன், மனைவிக்குப் போன் போட்டேன், அவள் எடுக்கவில்லை. சாயங்காலம் ஆலை வேனை விட்டு இறங்கியவளிடம் ஒன்றும் கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தேன். எத்தனை வருடமாக இதையே செய்துகொண்டிருக்கிறோம்.

ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். உன் சட்டை என்னிடம்தான் இருக்கிறது, கிழிந்த இடத்தை ஒட்டி வைத்திருக்கிறேன். வெடிச் சத்தம் வேண்டாம். அந்த இடத்தில் என் போனை ஸ்பீக்கரோடு இணைத்து அவளைக் கூப்பிடுவேன். போன் ஆலை வாசலில் கிடக்கும், அவள் எடுக்கமாட்டாள். அடித்து ஓயும்வரை எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருப்போம்.

அதற்குப் பிறகு உன் இரண்டாம் பாதியை, அந்தப் பட்டாசுப் பெயர்களை, நான் வாசிக்க வேண்டும்.