ஏழாவது வரியில் உன் பெயர்

ஆழ்வார்பேட்டை அலுவலகத்துக்கு மாறி ஒரு மாதம்தான் ஆகிறது. சுவரில் இன்னும் பெயின்ட் வாசனை போகவில்லை. அந்தப் புதுச் சுவரில் நேற்றுக் காலை ஒரு தாளை லேமினேட் செய்து ஒட்டியிருந்தார்கள். ஓர் இணையதளத்தை வெளியிடுவதற்கு முன்னால் சரிபார்க்க வேண்டிய பத்து விஷயங்கள். ஏழாவது வரியில் உன் பெயர் இருந்தது. பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி, பக்கத்தில் கண்ணடிக்கும் மஞ்சள் முகம். எவனுடைய ரசனையோ தெரியவில்லை. அதை அங்கேயே பிய்த்து எறியத் தோன்றியது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

வருகிற ஐப்பசி வந்தால் நீ போய் இரண்டு வருடம். உன்னை ஒருநாள்கூடப் பார்த்திராத பிள்ளைகள் இங்கே உன் பெயரை ஒரு தப்பின் பெயராக்கி வைத்திருக்கிறார்கள். யாராவது ஒரு பக்கத்தை வெளியிடப் போனால், அடுத்த மேஜையிலிருந்து உன் பெயரைச் சொல்லி, "அவங்கள மாதிரி பண்ணிடாத" என்று ஒரு குரல் வரும். நாலைந்து பேர் சிரிப்பார்கள். இத்தனை நாளாக நானும் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். எச்சில் விழுங்கிக்கொண்டு பேசாமல் இருப்பதில் நான் கெட்டிக்காரி என்று உனக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

மேற்கு மாம்பலத்துப் பழைய அலுவலகத்தில் நம் இரண்டு பேருக்கும் ஒரே மேஜை. ஃபேன் போட்டால் தாள் பறக்கும், நிறுத்தினால் நாம் வெந்து போவோம். நான் பக்கங்களைக் கட்டுவேன். அந்தப் பக்கங்களின் தலையில் வைக்கும் மெட்டா டேக்குகளை நீ எழுதுவாய். பக்கத்தைப் பார்க்க வருகிறவர் கண்ணில் படாத குறிப்புகள் அவை. தேடுபொறி வந்து படித்து, இது இன்ன கடை, இன்ன சரக்கு என்று தெரிந்துகொள்ளும். தேடுகிறவருக்குத் தலைப்புக்குக் கீழே இரண்டு வரி தெரியுமே, அதுவும் அங்கே நாம் எழுதி வைப்பதுதான். மற்றவர்கள் அதில் 'சென்னையின் நம்பர் ஒன்', 'மிகச் சிறந்த', 'மலிவான' என்று மூட்டை கட்டித் திணிப்பார்கள். நீ ஒரு தடவைகூட அப்படி எழுதியதில்லை. "ரெண்டு வரிதான் எடம். அதுல பொய்க்கு எங்கடி எடம் கீது?" என்பாய்.

மயிலாப்பூர் சீர் பட்சணக்காரருக்கு எழுதும்போது நீ அவர் வீட்டுச் சமையலறையிலேயே அரை நாள் உட்கார்ந்திருந்தாய். திரும்பி வந்து எழுதினாய்: 'மயிலாப்பூரில் கையால் சுற்றிய சீர் முறுக்கு, ஐந்து சுற்று முதல் பதினொரு சுற்று வரை. கல்யாணத் தேதியைச் சொல்லுங்கள். முந்தைய நாள் சுற்றித் தருகிறோம்.' படித்துக் காட்டிவிட்டு, "இன்னா மேடம், வாசனை வருதா?" என்று கேட்டாய். வந்தது. இன்றைக்கும் வருகிறது, அதனால்தான் எரிச்சலாக இருக்கிறது.

ஒரு பக்கத்தைக் கட்டி முடிக்கும்வரை, 'இதைப் பட்டியலில் சேர்க்காதே' என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஒரு வரியையும் தலையில் வைப்போம். நோ இண்டெக்ஸ். அரைகுறை வேலை வெளியே தெரிந்து மானம் போகக்கூடாது என்பதற்காக. வெளியிடும் அன்று அதை எடுத்துவிட வேண்டும். கட்டியவர் எடுக்க வேண்டும், இன்னொருவர் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். அதுதான் விதி. நமக்குள் அந்த விதி எப்போதோ தேய்ந்து, நீ வாயால் கேட்பதும் நான் வாயால் சொல்வதுமாக ஆகிவிட்டது. நாலு வருடம் அப்படியே ஓடியது, ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

பட்சணக்காரரின் பக்கத்தை வெளியிட்ட அன்றைக்கு எனக்குத் தி.நகரில் ஒரு கல்யாண ரிசப்ஷன். புடவை மாற்றிக்கொண்டு, தலையில் பூ வைக்க ஹேர்பின் தேடிக்கொண்டிருந்தேன். நீ திரையிலிருந்து முகத்தை எடுக்காமல், "நோ இண்டெக்ஸ எடுத்துட்டியா?" என்று கேட்டாய். "எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்றேன். இரண்டு தடவை சொன்னேன். எடுக்கவில்லை. மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்றுகூட நினைக்கவில்லை. எடுத்துவிட்டேனா இல்லையா என்ற யோசனையே எனக்கு இல்லை. நீ பட்டனைத் தட்டிப் பக்கத்தை வெளியிட்டாய்.

தை பிறந்தது, முகூர்த்தங்கள் வரிசையாக வந்தன, அவர் வீட்டுக்கு ஒரு ஃபோன் வரவில்லை. புதுப் பக்கம், மேலே வர நாளாகும் என்று நாம் சமாதானம் சொன்னோம். நீ உன் இரண்டு வரியில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டாய். நிரலைத் திறக்காமல், அந்த இரண்டு வரிக்கான பெட்டியில் மட்டும் நாலு தடவை மாற்றி எழுதினாய். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் சொற்களை நகர்த்திக்கொண்டிருந்தாய். யாருமே படிக்க முடியாதபடி நான் மூடி வைத்த கதவுக்குப் பின்னால் நீ எழுதி எழுதி அழித்தாய். எனக்கு என் மேல் வரும் கோபத்தில் பாதி அந்தச் சாப்பாட்டு டப்பாவை நினைத்து வருவது.

மாசி கடைசியில் அவரே நேரில் வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எங்காத்துல நாலு பேர் விடியறதுக்கு முன்னாடி எழுந்துண்டு, யாராவது கூப்பிடுவான்னு காத்துண்டிருக்கா. எங்க பேரையே போட்டுத் தேடினாலும் வரலைன்னா, அந்தப் பக்கத்தை வெச்சுண்டு நான் என்ன பண்றது?" என்றார். முதலாளி எழுந்து நின்றார். நீ எல்லோர் முன்னாலும் பக்கத்தின் நிரலைத் திறந்தாய். மேலிருந்து நாலாவது வரியில் அது இருந்தது.

நீ என்னைப் பார்த்தாய். அப்புறம் அவர் பக்கம் திரும்பி, "கடைசியா பாக்க வேண்டியது நானு சார். நான் பாக்கல" என்றாய். என்னைக் கேட்டதையும் நான் பதில் சொன்னதையும் நீ வாயைத் திறந்து சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த வாரம் எனக்குப் பதவி உயர்வு வரவிருந்தது. அதற்காகத்தான் பேசாமல் இருந்தேனா, வெறும் பயமா, எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அன்று மாலையே உன்னை ராஜினாமா எழுதச் சொன்னார்கள். நீ எழுதிக் கொடுத்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாய்.

யார் கேட்டது உன்னை? என்னைக் காப்பாற்று என்று நான் காலில் விழுந்தேனா? "அவகிட்ட கேட்டேன், எடுத்துட்டேன்னா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும் உனக்கு? எனக்கு வேலை போயிருக்கும், அழுதிருப்பேன், வேறு இடம் தேடியிருப்பேன். அதற்குப் பிறகு இந்தத் தொழிலில் உனக்கு யாரும் வேலை தரவில்லை. சின்ன ஊர் இது, இந்த வேலையைப் பொறுத்தவரை. பேச்சு உனக்கு முன்னால் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. ஒருநாள் மாம்பலம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் உன்னைப் பார்த்து, நான் வாயெடுத்ததுமே, "வுடு. முடிஞ்சத பேசிக்கினு இன்னா பண்றது? ரயில் வந்துரும்" என்று படியிறங்கிப் போய்விட்டாய். பின்னாலேயே ஓடி வந்து கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நின்றேன். ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் ஐந்தே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நேற்று அந்தத் தாளைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "போனவங்க போயிட்டாங்க. இப்ப இதைக் கிளறி யாருக்கு என்ன ஆகப்போகுது? நீங்க டீம் லீட், உங்க பேரை நீங்களே ஏன் கெடுத்துக்கறீங்க? வேணும்னா அந்தத் தாள்ல பேரை மட்டும் எடுத்துடச் சொல்றேன்" என்றார். பேரை மட்டும். உன்னை அனுப்பிய அன்றும் அவர் இதே குரலில், இதே பொறுமையோடுதான் பேசினார். வெளியே வந்து, அலுவலகத்தில் இருக்கும் எல்லோருக்கும் மின்னஞ்சலில் எழுதினேன். நீ கேட்டது, நான் சொன்ன பொய், நான் பேசாமல் நின்றது. யாரும் பதில் எழுதவில்லை. அதற்குப் பிறகு என் மேஜைப் பக்கம் யாரும் வரவுமில்லை.

இன்று காலை பட்டினப்பாக்கம் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். உன் அம்மா தன் கடையில் சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கூட்டம் கலையும்வரை நின்று, பக்கத்தில் குந்தி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியை நிறுத்தாமல் கேட்டார். முடித்ததும்தான் நிறுத்தினார்.

"படிச்சுட்டு இப்டி கண்ணு தெரியாம வேல செஞ்சியேன்னு, தெனிக்கும் அவள திட்டுவேன். ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருக்கசொல்லகூட திட்டினேன். ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல அவ" என்றார்.

நான் அழுதேன். மன்னித்துவிடுங்கள் அம்மா என்றேன். அவர் முகம் மாறவில்லை.

"அவ இருக்கசொல்ல வாயில இன்னா வெச்சிக்கினு இருந்த? இப்ப எங்கிட்ட சொன்னா உனக்கு லேசாவும், எனக்கு? நான் அவள திட்டினத யார்கிட்ட போயி சொல்றது? இத்த எங்கிட்ட எறக்கி வெக்காத. எழுந்து போ. நீயே தூக்கினு போ."

அடுத்த ஆள் மீன் கேட்டு வந்துவிட்டார். உன் அம்மா தராசை எடுத்தார். நான் எழுந்தேன்.